அப்பாவின் துப்பாக்கி உரிமத்தை என் பெயருக்கு மாற்ற வேண்டும்: காவல் நிலைய விசாரணையைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்

கரட்டுக்காடு எழுதியது:

வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் எங்களுக்கு நான்கரை ஏக்கர் இருக்கிறது. இரண்டு ஏக்கரில் தென்னை, மீதியில் மக்காச்சோளமும் நிலக்கடலையும். அப்பா பெயரில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒரு துப்பாக்கி உரிமம் இருந்தது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, கம்பியால் கெட்டித்து வெடிக்கிற பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. 2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்ததும் எல்லோரையும்போல அப்பாவும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தார். திரும்ப வாங்குவதற்குள் மே மாதம் தவறிவிட்டார். துப்பாக்கி இன்னும் நிலையத்தில்தான் இருக்கிறது.

போய்க் கேட்டேன். "உங்கள் பெயரில் உரிமம் வாங்கி வாருங்கள், தருகிறோம்" என்கிறார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால், "விண்ணப்பம் கொடுங்கள், விசாரணைக்குக் காவல் நிலையத்துக்குத்தான் அனுப்புவோம்" என்கிறார்கள். பந்து இரண்டு பக்கமும் உருண்டுகொண்டிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? காவல் நிலையத்தில் என்ன கேட்பார்கள்? வீட்டில் அம்மா, வெளியூரில் கட்டிக்கொடுத்த அக்கா, நான். என் மேல் வழக்கு எதுவும் கிடையாது.

---

மாடிவீடு எழுதியது:

தொடர்புள்ள கேள்விதான். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். தற்காப்புக்காக ஒரு 9 எம்.எம். கைத்துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கலாமா?

---

சட்டப்பிரிவு எழுதியது:

மாடிவீடு, 9 எம்.எம். என்பது தடைசெய்யப்பட்ட ரகம். அதற்கான உரிமம் மத்திய உள்துறையின் கையில் இருக்கிறது, உங்களுக்கும் எனக்கும் எட்டாத உயரம். பொதுமக்கள் கேட்கக்கூடிய கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 ரகம்தான். சென்னை மாநகரில் உரிமம் தருபவர் மாநகரக் காவல் ஆணையர். மாவட்டங்களில் ஆட்சியர். முதலில் "எதற்கு?" என்ற ஒற்றைக் கேள்விக்குக் காகிதத்தில் பதில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியில் பார்த்த கொள்ளைச் செய்தி காரணமாகாது.

கரட்டுக்காடு அவர்களுக்கு: உங்களுடையது வேறு வழக்கு. 2016 படைக்கல விதிகளில் வாரிசுக்கு உரிமம் தருவதற்கென்றே 25ஆம் விதி இருக்கிறது. உரிமதாரர் இறந்தால் வாரிசு கேட்கலாம். உயிரோடு இருக்கும்போதே எழுபது வயது நிரம்பினாலோ, துப்பாக்கியை வைத்து இருபத்தைந்து ஆண்டு ஆனாலோ, இரண்டில் எது முந்தியதோ அப்போதே வாரிசுக்கு மாற்றித் தரும்படி கேட்டிருக்கவும் முடியும். உங்கள் அப்பாவிடம் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். முதியவர் வீட்டில் துப்பாக்கி இருக்கும் மற்ற உறுப்பினர்களாவது இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. துப்பாக்கி நிலையத்தில் இருப்பது உங்களுக்கு ஒரு வகையில் நல்லது. உரிமதாரர் இறந்த பிறகு வீட்டில் அது ஒரு நாள் கூடுதலாக இருந்தாலும் சட்டப்படி உரிமமில்லாத ஆயுதம்தான். 1959 படைக்கலச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. துக்க வீட்டில் யாருக்கு அந்த நினைவு வரும்? அதே பிரிவில் ஒரு கத்தியும் இருக்கிறது: குறித்த காலத்துக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் ஆயுதம் அரசுக்குப் பறிமுதலாகிவிடும். ஆகவே இன்றே ஒரு கடிதம் எழுதி, "நான் வாரிசு, உரிமத்துக்கு விண்ணப்பிக்கிறேன், துப்பாக்கியைப் பாதுகாப்பில் வைத்திருக்கவும்" என்று நிலையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

---

பழைய ரைட்டர் எழுதியது:

முப்பத்தோராண்டு காவல் துறையில் இருந்தேன், அதில் பதினான்கு ஆண்டு நிலைய ரைட்டர். இந்தக் கோப்புகளை மேசைக்கு உள்பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

விண்ணப்பம் ஏ-1 படிவத்தில். கூடவே புகைப்படங்கள், வயதுச் சான்று, ஆதார், முகவரிச் சான்று, மனநலமும் உடல்நலமும் சரியாக இருக்கின்றன, போதைப் பழக்கம் இல்லை என்று மருத்துவர் தரும் சான்று. பயிர்ப் பாதுகாப்பு என்றால் சிட்டா, அடங்கல். வாரிசு என்றால் இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, பழைய உரிமப் புத்தகம், மற்ற வாரிசுகள் எல்லோரும் ஆட்சேபம் இல்லை என்று எழுதும் பிரமாணப் பத்திரம். இதெல்லாம் ஆட்சியர் அலுவலகத்தில் சேரும். அங்கிருந்து ஒரு பிரதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வழியாக டி.எஸ்.பி., இன்ஸ்பெக்டர் என்று படியிறங்கி, கடைசியில் ரைட்டர் மேசைக்கு வரும். வருவாய்த் துறையில் வி.ஏ.ஓ., தாசில்தார், ஆர்.டி.ஓ. என்று இன்னொரு கிளை தனியாக ஓடும். இரண்டு கிளையும் திரும்பிப் போய்ச் சேர்ந்தால்தான் ஆட்சியர் கையெழுத்து.

நிலையத்தில் என்ன பார்ப்போம்? பெயர் குற்றப்பதிவேட்டில் இருக்கிறதா என்பது முதல் வேலை. அது பத்து நிமிடம். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். இவன் குடிப்பானா, பெண்டாட்டியை அடிப்பானா, பங்காளியோடு வரப்புத் தகராறு உண்டா, கோயில் திருவிழாவில் எந்தக் கோஷ்டி. டீக்கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் பாதி தெரிந்துவிடும். ரகசியமாகத் தகவல் திரட்டும் தனிப்பிரிவு ஏட்டு ஒருவர் உங்களுக்குத் தெரியாமலே வந்து போயிருப்பார்.

அறிக்கையில் "பரிந்துரைக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற இன்ஸ்பெக்டரின் நிலையை யோசித்துப் பாருங்கள். நாளைக்கு அந்தத் துப்பாக்கியால் ஏதாவது நடந்தால் முதலில் எடுப்பது அந்த அறிக்கையைத்தான். உரிமம் மறுத்ததற்காக எந்த இன்ஸ்பெக்டரும் விளக்கம் எழுதியதில்லை. ஆகவே அவர் பேனா மறுப்பின் பக்கம்தான் இயல்பாகச் சாயும். நம் காகிதங்கள் அவருக்குத் தைரியம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை.

---

மாடிவீடு எழுதியது:

உண்மையைச் சொல்லுங்கள் ஐயா, எவ்வளவு கொடுக்க வேண்டும்?

---

பழைய ரைட்டர் எழுதியது:

தம்பி, ஆயுத உரிமத்துக்குப் பணம் கொடுத்து வாங்கிய அறிக்கை, கொடுத்தவன் கழுத்தில்தான் கடைசியில் விழும். மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.

---

நெறியாளர் எழுதியது:

மாடிவீடு, உங்கள் கேள்விக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே வாரிசு உரிமம் மட்டும்.

---

வங்கி வாசல் எழுதியது:

ராணுவத்தில் பதினேழு ஆண்டு, பிறகு வங்கி வாசலில் இரட்டைக்குழலோடு ஒன்பது ஆண்டு. என்னுடையது புது உரிமம். விசாரணை எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

உதவி ஆய்வாளர் ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் மாலை ஆறு மணிக்கு வந்தார். பணிச் சான்று, ஓய்வூதியப் புத்தகம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. "துப்பாக்கியை எங்கே வைப்பீர்கள்?" என்றார். பீரோவைக் காட்டினேன். "சாவி?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி, "சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார். தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்த என் மகனைக் கூப்பிட்டு, "பீரோ சாவி எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அவனும் சாமி படத்தைக் காட்டினான்.

"சுவரில் பதித்த இரும்புப் பெட்டி ஒன்று வாங்குங்கள். சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். தோட்டாவை வேறு இடத்தில் பூட்டுங்கள். அடுத்த வாரம் வருகிறேன்" என்று போய்விட்டார். பதினேழு ஆண்டு ஆயுதத்தைக் கையாண்டவனுக்கு அன்று வந்த வெட்கம் இருக்கிறதே! சொன்னபடி அடுத்த வாரம் வந்தார், பெட்டியை ஆட்டிப் பார்த்தார், அறிக்கை நல்லபடியாகப் போனது.

---

மஞ்சள்தோட்டம் எழுதியது:

எல்லோரும் எப்படி வாங்குவது என்றே பேசுகிறீர்கள். வாங்கி என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லையே? நானும் விவசாயிதான், என் மஞ்சளையும் பன்றிதான் தோண்டுகிறது. கரட்டுக்காடு, உங்கள் தொல்லை எது? காட்டுப்பன்றியா, மயிலா?

பன்றி என்றால், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் அதைச் சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றுக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறையினர்தான் சுட வேண்டும். மயில் என்றால் பேச்சே வேண்டாம், தேசியப் பறவை. ஆக, உங்கள் உரிமம் துப்பாக்கி வைத்திருப்பதற்குத்தான். எந்த உயிரையும் சுடுவதற்கு இல்லை. காலிச் சத்தம் எழுப்ப இவ்வளவு படியேற வேண்டுமா?

---

கரட்டுக்காடு எழுதியது:

பன்றிதான். நீங்கள் சொல்வது புரிகிறது. அப்பாவும் ஒருநாளும் எதையும் சுட்டதில்லை. குண்டு போடாமல் வெறும் மருந்தை இட்டு வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அந்தச் சத்தத்துக்கு இரண்டு நாள் பன்றி வராது. பட்டாசு வெடித்துப் பார்த்தேன், பழகிவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் கம்பியில் மின்சாரம் பாய்ச்சலாமா என்று யோசித்தார். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் அப்படி வைத்த கம்பியில் மூன்று யானைகள் செத்ததைச் சொல்லித்தான் தடுத்தேன். அதைவிட இந்தச் சத்தம் மேல் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அது தாத்தா காலத்துத் துப்பாக்கி. கட்டையில் அப்பா கன்னம் வைத்த இடம் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். அது நிலையத்தில் மூலையில் கிடக்கிறது என்பதே உறுத்துகிறது.

---

மஞ்சள்தோட்டம் எழுதியது:

அந்த இரண்டாவது காரணத்தை ஒப்புக்கொள்கிறேன். விண்ணப்பத்தில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

---

சட்டப்பிரிவு எழுதியது:

காரணம் எழுதும் கட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நிறையப் பேர் பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று "உயிருக்கு ஆபத்து" என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். உடனே கேள்வி வரும்: யாரால் ஆபத்து? எப்போது புகார் கொடுத்தீர்கள்? புகார் கொடுத்ததற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது எங்கே? ஒன்றும் இல்லை என்றால் மற்ற உண்மைகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும். பயிர்ப் பாதுகாப்பு என்று மட்டும் எழுதுங்கள். வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்குக் கேட்பதைப் படைக்கலச் சட்டத்தின் 13ஆம் பிரிவே தனியாகச் சொல்லியிருக்கிறது. பயிர்ச்சேதம் பற்றி வனத்துறைக்கு நீங்கள் எப்போதாவது மனுக் கொடுத்திருந்தால் அதன் நகல் பொன்.

சொத்து போதாது என்று சொல்லி மறுக்க முடியாது, 14ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். காரணத்தைக் கேட்டு வாங்கி, முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. வழக்கு இல்லை என்றீர்கள். 107 உண்டா? கிராமத்தில் இரண்டு தரப்பும் சத்தம் போட்டால் இருவரையும் ஆர்.டி.ஓ. முன் நிறுத்தி, அமைதியாக இருப்பேன் என்று பிணை எழுதி வாங்குவார்களே, அது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 126ஆம் பிரிவு. பலர் அதை வழக்காகவே எண்ணுவதில்லை. அந்தப் பிணைக்காலம் முடியும்வரை துப்பாக்கி வைத்திருக்கவே தடை.

---

கரட்டுக்காடு எழுதியது:

பிணை எதுவும் இல்லை. ஆனால் வேறு இரண்டு சிக்கல்.

முதலாவது, அக்கா. ஆட்சேபமின்மைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். நிலத்துக்காக இல்லை. "அந்தச் சனியன் வீட்டுக்குத் திரும்ப வர வேண்டாம், உனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்" என்கிறாள்.

இரண்டாவது, அப்பாவின் தகரப்பெட்டியில் உரிமப் புத்தகமும் நிலையத்தில் கொடுத்த ஒப்புகைச் சீட்டும் கிடைத்தன. புத்தகத்தில் துப்பாக்கி எண் 4318. சீட்டில் 4313. நிலையத்தில் கேட்டால், "எங்கள் பதிவேட்டில் 4313 தான். அப்படியானால் 4318 எங்கே?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள். வயிறு கலங்குகிறது.

---

பழைய ரைட்டர் எழுதியது:

கலங்க வேண்டாம். தேர்தல் அறிவிப்பு வந்த வாரத்தில் ஒரே நாளில் இருபது முப்பது துப்பாக்கி வந்து குவியும். பந்தோபஸ்து வேலைக்கு நடுவே யாரோ ஒரு காவலர் துரு ஏறிய குழலைத் திருப்பிப் பார்த்து எண்ணைப் படித்து எழுதியிருப்பார். 8இன் இடப்பக்கத்தைத் துரு தின்றால் 3தான் தெரியும்.

வாயால் வாதாடாதீர்கள். இன்ஸ்பெக்டருக்கு மனு எழுதுங்கள்: உரிமப் புத்தகத்தின் நகலை இணைத்து, ஆயுதத்தின் எண்ணை எனக்கு முன்னால் சரிபார்த்து, பதிவேட்டைத் திருத்தித் தரக் கோருகிறேன் என்று. ஆயுதப்படையில் ஆயுதங்களைப் பராமரிக்கும் ஆர்மரர் ஒருவர் இருப்பார், அவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகத் துப்பாக்கியைத் தொடவோ தேய்க்கவோ கூடாது. எண்ணை அழித்தான், மாற்றினான் என்று வந்தால் அது தனிக் குற்றம்.

அக்கா விஷயத்துக்கு என்னிடம் படிவம் இல்லை.

---

வங்கி வாசல் எழுதியது:

அக்காவுக்கு இரும்புப் பெட்டியைக் காட்டுங்கள். என் மனைவி அதற்குப் பிறகுதான் தூங்கினாள்.

---

கரட்டுக்காடு எழுதியது (ஏழு வாரம் கழித்து):

நடந்ததைச் சொல்கிறேன், அடுத்து வருபவர்களுக்கு உதவும்.

மனுக் கொடுத்த பதினோராம் நாள் கூப்பிட்டார்கள். நிலையத்தின் பின்பக்கம் கம்பிக்கதவு போட்ட அறை. சாக்கில் சுற்றி, நூலில் அட்டை கட்டி, துப்பாக்கிகள் விறகுக்கட்டைபோல் சாய்ந்திருந்தன. ஆர்மரர் வயதானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்தார். குழலை மேசையில் கிடத்தி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் எண் இருந்த இடத்தை ஒற்றினார். தேய்க்கவில்லை, ஒற்றி ஒற்றி எடுத்தார். துணியில் செம்மண் நிறத்தில் துரு வந்தது. பிறகு சாக்கட்டியை விரலில் நசுக்கி அந்த இடத்தில் தடவி, வாயால் ஊதினார். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. 4, 3, 1 தெளிவாக. கடைசி எழுத்தில் வலது வளைவுகள் இரண்டும் வெள்ளையாக, இடது பக்கத்தில் முடி போல இரண்டு கோடு. உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் கொடுத்து, "என்ன எண்?" என்றார். எட்டு என்றேன். இன்ஸ்பெக்டரும் பார்த்தார். பதிவேட்டில் சிவப்பு மையில் அடித்து, திருத்திச் சுருக்கொப்பம் போட்டார்.

அக்கா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

---

மஞ்சள்தோட்டம் எழுதியது:

அக்காவை நான் ஆதரிக்கிறேன் என்றாலும் அந்த வெள்ளைக் கோட்டைப் படித்தபோது எனக்கே நிம்மதியாக இருந்தது.

---

கரட்டுக்காடு எழுதியது (மேலும் மூன்று மாதம் கழித்து):

அக்கா வந்தாள். சுவரில் பதித்த பெட்டியைப் பார்த்தாள், திறந்து மூடினாள். மருந்தும் அதைப் பற்றவைக்கும் கேப்பும் துப்பாக்கி இருக்கும் அறையில் இருக்கக் கூடாது, சாவி என்னிடம் இல்லாமல் அம்மாவிடம் இருக்க வேண்டும் என்றாள். சாவியைப் பற்றிச் சட்டப்பிரிவு அவர்களிடம் கேட்டேன், உரிமதாரர்தான் பொறுப்பு என்று தனிச்செய்தியில் விளக்கினார். அதைச் சொன்னதும் ஒருவாறு இறங்கிவந்து, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். போடும்போது அழுதாள், நானும்தான்.

விசாரணைக்கு உதவி ஆய்வாளர் தோட்டத்துக்கே வந்தார். பன்றி உழுத இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்தார். பக்கத்துக் காட்டுக்காரரிடம் தனியாகப் பேசினார். வீட்டில் பெட்டியைப் பார்த்தார். என் பிள்ளையைக் கூப்பிட்டு, "சாவி எங்கே?" என்றார்! வங்கி வாசல் ஐயா, உங்களை நினைத்துக்கொண்டேன். பிள்ளை தெரியாது என்றது, நிஜமாகவே தெரியாது.

விதிப்படி காவல் துறை அறிக்கைக்கு முப்பது நாள்தான். எனக்கு அதைவிடக் கூடுதலாக ஆனது. பழைய ரைட்டர் ஐயா சொன்ன வருவாய்த் துறைக் கிளை அதைவிட மெதுவாக ஓடியது. இரண்டு முறை நினைவூட்டல் மனுக் கொடுத்தேன்.

---

சட்டப்பிரிவு எழுதியது:

குறித்த காலத்துக்குள் காவல் அறிக்கை வராவிட்டால் அதற்காகக் காத்திராமல் உத்தரவு போடலாம் என்று 13ஆம் பிரிவு உரிமம் தரும் அதிகாரிக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அறிக்கை இல்லாமல் துப்பாக்கி உரிமத்தில் கையெழுத்துப் போடும் ஆட்சியரை என் தொழிலில் இதுவரை பார்த்ததில்லை. நினைவூட்டல் மனுதான் சரியான வழி.

---

கரட்டுக்காடு எழுதியது:

உரிமம் வந்துவிட்டது. என் படத்தோடு, தனி அடையாள எண்ணோடு. நேற்றுக் காலை நிலையத்தில் கையெழுத்துப் போட்டுத் துப்பாக்கியை வாங்கினேன். சாக்கோடு பஸ்ஸில் ஏற மனம் வரவில்லை, மாமாவின் ஜீப்பில் கொண்டுவந்தேன். கட்டையில் கன்னம் வைக்கும் இடம் அப்படியே இருக்கிறது. அம்மா முந்தானையால் ஒருமுறை துடைத்தார், பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

---

பழைய ரைட்டர் எழுதியது:

நல்லது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்தாண்டுக்கு. காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பம் போக வேண்டும், தேதியைச் சுவரில் எழுதிவையுங்கள். வீட்டில் விசேஷம் என்று யாராவது வானத்தை நோக்கி ஒன்று போடச் சொன்னால் கேட்காதீர்கள். கொண்டாட்டத்துக்குச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அதுவும் அதே திருத்தத்தில் வந்ததுதான். மருந்து வாங்கியாயிற்றா?

---

கரட்டுக்காடு எழுதியது:

இல்லை ஐயா. உரிமத்தைக் காட்டிப் பதிந்து வாங்க நகரத்துக்குப் போக வேண்டும், திங்கட்கிழமைதான் கடை திறப்பார்களாம். நேற்று இரவு இரண்டு மணிக்குப் பன்றிகள் வந்தன, குட்டிகளோடு ஏழெட்டு இருக்கும். அம்மா வழக்கம்போல எண்ணெய் டின்னைத் தட்டித்தான் விரட்டினார்.